தட்டான், தும்பி, ஊசித்தட்டான்: பினாங்குல ஓடை ஓரமா நின்னு கேக்கற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல பொட்டானிக்கல் கார்டன் ஓடை ஓரத்துல கேமராவ வெச்சுக்கிட்டு குத்த வெச்சு ஒக்காந்திருப்பேன். தண்ணிமலை முருகன கும்பிட்டுட்டு எறங்கி வர்றவங்க, நடக்க வர்ற ஆன்ட்டிங்க, ஸ்கூல் புள்ளைங்க எல்லாரும் நின்னு "என்ன அங்கள் தேடறீங்க"ன்னு கேப்பாங்க. தட்டான்னு சொன்னா அடுத்த கேள்வி வரும், அதுக்கு பதில் சொன்னா இன்னொன்னு வரும். பல வருசமா திரும்பத் திரும்ப கேக்கறதெல்லாம் இங்க ஒரே எடத்துல எழுதி வெச்சிருக்கேன்.

தட்டான், தும்பி, தட்டாரப்பூச்சி எல்லாம் ஒன்னுதானா?

இன்னைக்கு பேசற தமிழ்ல ஒன்னுதான். நான் பொறந்தது செபராங் பிறை பக்கம் ஒரு கித்தாக்காட்டுல (ரப்பர் தோட்டத்துல), அங்க எல்லாரும் தட்டான்னுதான் சொல்வோம். தும்பின்னு சொன்னா எங்க பாட்டிக்கு புரியாது. சங்கப் பாட்டுல தும்பின்னு வர்றது பூவுல தேன் குடிக்கிற வண்டு வகை, தட்டான் தேன் குடிக்காது, அது முழுக்க முழுக்க வேட்டையாடி திங்கற பூச்சி. அதனால பழைய பாட்ட படிச்சிட்டு தட்டான நெனச்சுக்காதீங்க. மலாய்க்காரங்க பெபாதுங்ன்னு சொல்வாங்க, கம்பத்துல (கிராமத்துல) கேட்டா அந்தப் பேர்ல உடனே எடத்த காட்டுவாங்க.

ஊசித்தட்டான்னா தட்டானோட குட்டியா?

இல்லீங்க, இத நெறைய பேர் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. றெக்க மொளச்ச பூச்சி அதுக்கப்பறம் வளரவே வளராது, சின்னதா இருக்கறது சின்ன வகை, அவ்ளோதான். ஊசித்தட்டான் தனி கூட்டம். ஒடம்பு குச்சி மாதிரி ஒல்லி, ரெண்டு கண்ணும் தலையோட ரெண்டு ஓரத்துல தள்ளித் தள்ளி இருக்கும், நாலு றெக்கையும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒக்காரும்போது முதுகு மேல சேத்து மடிச்சு வெச்சுக்கும். பெரிய தட்டான் றெக்கைய விரிச்சபடியே ஒக்காரும், பின் றெக்க அடியில அகலமா இருக்கும், கண்ணு ரெண்டும் பெரும்பாலும் தலை உச்சியில ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊசித்தட்டான்லயும் றெக்கைய பாதி விரிச்சு ஒக்காரற ஒரு குடும்பம் இருக்கு, அதனால றெக்கைய மட்டும் பாத்து முடிவு கட்டாம கண்ணையும் சேத்து பாருங்க.

உலகத்துல எத்தன வகை இருக்கு? வெப்ப நாடுகள்லதான் அதிகம்ங்கறாங்களே, ஏன்?

இதுவரைக்கும் பேர் வெச்சது 6,300க்கு மேல. கிட்டத்தட்ட பாதி தட்டான், பாதி ஊசித்தட்டான். ரெண்டுலயும் சேராத மூனாவது ஒரு பழைய கூட்டமும் இருக்கு, ஜப்பான்லயும் இமயமலைப் பக்கத்துலயும் வாழற மிச்சம் மீதி சில வகைங்க. ஆசியாவோட வெப்பப் பகுதி, அதாவது இந்தியாவுல இருந்து நம்ம வட்டாரம் வரைக்கும், அதுல 1,600க்கு மேல, அதே மாதிரி மத்திய அமெரிக்கா தென் அமெரிக்கா சேத்து 1,600க்கு மேல. 2008ல உலகம் பூரா கணக்கெடுத்தப்பவே வந்த எண்ணிக்கை இது, அதுக்கப்பறமும் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு. ஐரோப்பா கண்டம் முழுக்க சேத்தா 140 சொச்சம்தான். நம்ம தீபகற்ப மலேசியாவுல மட்டும் 200க்கு மேல இருக்கு, சபா சரவாக்க இதுல சேக்கல, போர்னியோ தனி உலகம்.

ஏன்னு கேட்டா ஒரே காரணத்த சொல்ல முடியாது. வருசம் பூரா சூடு, வருசம் பூரா மழை, தண்ணி ஒறையற பேச்சே இல்ல, அது ஒரு பக்கம். ஆனா எனக்கு முக்கியமா படறது எடத்தோட அமைப்புதான். ஒரு மலைய எடுத்துக்குங்க, நம்ம பினாங்கு மலையவே எடுத்துக்குங்க, உச்சி 833 மீட்டர்தான், ஆனா மேல இருந்து கீழ வர்றதுக்குள்ள பாறையில கசியற தண்ணி இருக்கு, நெழல்ல ஓடற முழங்கால் அளவு ஓடை இருக்கு, வெயில் படற அகலமான ஓடை இருக்கு, மரப்பொந்துல தேங்கின தண்ணி இருக்கு, கீழ வந்தா கொளம், வயக்காடு, கடலோரம் போனா கண்டல் காடு. ஒவ்வொன்னுக்கும் தனித்தனி ஆளுங்க இருக்காங்க. நெழல் ஓடையில இருக்கற ஊசித்தட்டான் வெயில்ல தாண்டி அடுத்த ஓடைக்கு போறதே அபூர்வம், பொறந்த எடத்துலயே இருந்து செத்துப் போகும். அப்படி ஒவ்வொரு மலையிலயும் தனியா மாட்டிக்கிட்ட கூட்டம் லட்சக்கணக்கான வருசத்துல வேற வேற வகையா பிரிஞ்சு போச்சு.

பனிக்காலத்துல, சுமார் 20,000 வருசத்துக்கு முன்னால, கடல் மட்டம் இப்ப இருக்கறத விட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, அப்ப நம்ம தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நெலம். அதனாலதான் சமவெளி சதுப்புக் காட்டு வகைங்க நாலு எடத்துலயும் ஒன்னா இருக்கு. மலை ஓடைக்காரங்களுக்கு அந்தப் பாலம் உதவல, நடுவுல இருந்தது தாழ்ந்த சமவெளி, அவங்க வாழற மாதிரி ஓடை அங்க இல்ல. அதனால மலைக்கு மலை ஆளு மாறும்.

ஆப்பிரிக்காவும் வெப்ப நாடுதானே, அங்கயும் இதே அளவு இருக்கா?

இல்ல, நம்ம பக்கத்துல பாதிதான் தேறும். மடகாஸ்கரையும் சேத்துக்கிட்டாலும் 900 கிட்டதான் வரும். பனிக்காலம் வந்து போன ஒவ்வொரு தடவையும் அங்க காடு வறண்டு சுருங்கினது ஒரு பெரிய காரணம்.

ஆனா எந்தக் குடும்பம் எங்க இருக்குன்னு பாத்தா ஒரு கண்டத்தோட பழைய கதையே அதுல இருக்கும். மத்திய அமெரிக்காவுல ஒரு பிரம்மாண்டமான ஊசித்தட்டான் இருக்கு, மெகாலோப்ரெபஸ்னு பேரு, றெக்கைய விரிச்சா 19 சென்டிமீட்டர், காட்டுக்குள்ள மெதுவா காத்தாடி சுத்தற மாதிரி பறந்து வந்து சிலந்தி வலையில இருக்கற சிலந்தியவே பிடுங்கித் தின்னும், முட்டை வெக்கிறது மரப்பொந்து தண்ணியில. அந்தக் கூட்டம் பூரா அமெரிக்கக் கண்டத்துலதான் இருக்கு, ஒரே ஒரு சொந்தக்காரன தவிர. அவன் இருக்கறது கிழக்கு ஆப்பிரிக்கா கடலோரக் காட்டுல, கோரிஃபாக்ரியான்னு பேரு, அவனும் மரப்பொந்துலதான் வளர்றான். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒட்டி இருந்த காலத்துல இருந்து வந்த சொந்தம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. நம்ம காட்டு நெழல்ல ஒரு குடும்பம் இருக்கு, பிளாட்டிஸ்டிக்டிடேன்னு சொல்வாங்க, நீளமா நூல் மாதிரி ஒடம்பு, இருட்டுல கண்ணுக்கே தெரியாது. அது ஆசியாவுல இருக்கு, மத்திய, தென் அமெரிக்காவுலயும் இருக்கு, நடுவுல ஆப்பிரிக்காவுல ஒன்னு கூட இல்ல. இத முதல்ல தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஹவாயையும் சொல்லணும். நடுக்கடல்ல எரிமலை கக்கின தீவு, அங்க எப்பவோ போய்ச் சேந்த ஒரு ஊசித்தட்டான்ல இருந்து இருபதுக்கு மேல வகை பிரிஞ்சிருக்கு, அதுல ஒன்னோட குட்டி தண்ணியிலயே இல்ல, ஈரமான எலச் சருகுக்குள்ள தரையில வளருது. உலகத்துல இப்படி தரையில வளர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

தமிழ்நாட்டுல எங்க சொந்த ஊருக்குப் போனப்ப பாத்த தட்டான் இங்க லோங்காங் (சாக்கடை) ஓரத்துலயும் இருக்கு, அதே வகையா?

பெரும்பாலும் அதே வகைதான். பச்சையும் கறுப்பும் பட்டை போட்டு, இடுப்பு ஒல்லியா, எப்பவும் மொறைச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கும் பாருங்க, ஓர்தெட்ரம் சபீனா. அது மத்தியக் கிழக்குல இருந்து இந்தியா, மலேசியா, ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு, மத்த தட்டானையே பிடிச்சு திங்கற மொரடன். பொழுது சாயறப்ப வெளிச்சம் மங்கின ஒடனே கொளத்து மேல சரக் சரக்குனு போற தோலிமிஸ் தில்லார்கா, றெக்கையில பால் வெள்ளையா ஒரு திட்டு இருக்கும், அது மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும். பிராக்கிதெமிஸ் கன்டாமினாட்டாங்கற ஆரஞ்சு தட்டான் அழுக்குத் தண்ணிய பொறுத்துக்கும், சென்னை கூவம் பக்கத்துல பாத்ததையே கேஎல் (கோலாலம்பூர்) தித்திவாங்சா ஏரிக்கரையிலயும் பாக்கலாம்.

இவங்கல்லாம் ஊர்சுத்திங்க. வெயில தாங்குவாங்க, தேங்கின தண்ணி போதும், தூரமா பறப்பாங்க. மனுசன் காட்ட வெட்டி வெட்டவெளி ஆக்க ஆக்க இவங்களுக்கு எடம் கூடும். அதனால "எங்க தாமான்ல (குடியிருப்புல) நெறைய தட்டான் பறக்குதே, அப்ப இயற்கை நல்லாத்தானே இருக்கு"ன்னு யாராவது கேட்டா எனக்கு நெஞ்சு அடைக்கும். நெறைய பறக்கறது வேற, நெறைய வகை இருக்கறது வேற. ஒரு சதுப்பு மேட்டுல ஆயிரம் தட்டான் பறக்கும், எண்ணிப் பாத்தா அஞ்சாறு வகைதான் இருக்கும். மலை ஓடையில ரெண்டு மணி நேரம் ஒக்காந்தா பத்து பூச்சிதான் கண்ணுல படும், அது பத்தும் பத்து வகையா இருக்கலாம்.

செவப்பு தட்டான் எல்லாம் ஒன்னுதானே அங்கள்?

இத ஒரு சின்னப் பொண்ணு கேட்டுச்சு, ரொம்ப நல்ல கேள்வி. நம்ம பக்கம் செவப்புல குறைஞ்சது நாலஞ்சு வகை சாதாரணமா இருக்கு. றெக்கையே செங்கல் செவப்பா இருந்து நுனி மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தா நியூரோதெமிஸ் ஃப்ளக்சுவான்ஸ், புல்தரை, ஓடை ஓரம், வீட்டு வேலி எல்லா எடத்துலயும் அதுதான் அதிகம். றெக்க தெளிவா இருந்து ஒடம்பு மட்டும் ரத்தச் செவப்பா தட்டையா இருந்தா குரோக்கோதெமிஸ் செர்வீலியா. செவப்போட ஊதா கலந்து, தாமரைப்பூ நெறத்துல மின்னினா திரிதெமிஸ் அரோரா, ஆம்பளைக்கு மட்டும்தான் அந்த நெறம். நெஞ்சுப் பகுதி பழுப்பா இருந்து வால் மட்டும் பளிச்சுனு செவப்பா இருந்தா ஓர்தெட்ரம் கிரிசிஸா இருக்கும். பொட்டைங்க எல்லாமே மஞ்சளும் பழுப்புமாத்தான் இருக்கும், அங்கதான் நானும் இன்னும் தடுமாறுவேன்.

புதுசா வெளிய வந்த ஆம்பளையும் மஞ்சளாத்தான் இருக்கும், நாள் போகப் போகத்தான் செவக்கும். அதனால மஞ்சள் எல்லாம் பொட்டைன்னும் சொல்ல முடியாது.

கடல் தாண்டிப் போற தட்டான் இருக்கறது உண்மையா?

உண்மை. பான்டாலா ஃப்ளேவசென்ஸ், மங்கின மஞ்சள் நெறம், ஒக்காரவே ஒக்காராது, ஸ்கூல் பாடாங் (திடல்) மேல கூட்டமா சுத்திக்கிட்டே இருக்கும். மாலத்தீவுல நல்ல தண்ணிக் கொளம் குட்டைன்னு ஏறக்குறைய எதுவும் கெடையாது, ஆனா வருசா வருசம் அக்டோபர்ல ஆயிரக்கணக்குல தட்டான் வந்து எறங்குது. அங்கேயே தங்கி இருந்த கடலுயிர் ஆய்வாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் பல வருசம் தேதி போட்டுக் குறிச்சு வெச்சு 2009ல எழுதினாரு, இதுங்க இந்தியாவுல இருந்து காத்தோட கெளம்பி மாலத்தீவு வழியா கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகுது, அப்பறம் தென்மேற்குப் பருவக்காத்துல திரும்புதுன்னு. ஒரே பூச்சி போய் வர்றதில்ல, வழியில மழைக் குட்டையில முட்டை வெச்சு, அதோட பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க மிச்சப் பயணத்த முடிக்கும், நாலு தலைமுறை ஆகுதுன்னு அவரோட கணக்கு. ஒன்றரை மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள முட்டையில இருந்து பறக்கற அளவுக்கு வளந்துடும், அதனால காஞ்சு போகப்போற குட்டையே போதும்.

பசிபிக் நடுவுல ஈஸ்டர் தீவுல கூட இது இருக்கு. நம்ம நாட்டுலயும் காட்டைத் தவிர எல்லா எடத்துலயும் இருக்கு.

அப்ப மலை ஓடையில அப்படி என்னதான் இருக்கு?

இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

கேஎல்ல இருந்து பழைய பெந்தோங் சடக்குல (ரோட்டுல) உலு கொம்பாக் பக்கம் போனீங்கன்னா மலாயா பல்கலைக்கழகத்தோட கள ஆய்வு மையம் 1965ல இருந்து இருக்கு, அந்தப் பக்கத்து ஓடைங்களப் பத்தி நெறைய எழுதியிருக்காங்க. அங்க காலைல பத்து மணிக்கு மேல வெயில் எலைக்கு நடுவுல எறங்கி பாறை மேல வட்டம் வட்டமா விழும், அந்த வெளிச்சத்துல நியூரோபேசிஸ் சினென்சிஸ் வந்து ஒக்காரும். மடிச்சு ஒக்காந்திருக்கறப்ப பழுப்பா, ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும். றெக்கைய ஒரு நொடி திறக்கும் பாருங்க, பின் றெக்க பூரா மயில் கழுத்துப் பச்சை. மூடிடும். திரும்ப எப்ப திறக்கும்னு மூச்ச பிடிச்சுக்கிட்டு நிப்போம். இது மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இருக்கு, நீலகிரி அடிவாரத்துல இருந்து வந்த ஒருத்தர்கிட்ட படத்த காட்டினேன், "இது எங்க ஊர் ஆத்துல இருக்கே"ன்னு அவர் கண்ணு கலங்கிப் போச்சு.

அதே ஓடையில ரைனோசைஃபா ஃபெனெஸ்ட்ரெல்லா, ஆம்பளையோட றெக்க கறுப்பு, அதுல ஜன்னல் ஜன்னலா ஊதாவும் ரோசும் மின்னும், கோயில் கோபுரத்துல பதிச்ச கண்ணாடி வெயில்ல மின்னற மாதிரி. மூக்குப் பக்கம் முன்னால தள்ளி இருக்கும், வால் றெக்கைய விட குட்டை, குண்டா இருக்கும். ரெண்டு ஆம்பளைங்க ஒரு மரத்துண்டுக்காக நேருக்கு நேர் மொகத்தப் பாத்து அந்தரத்துல நின்னு மோதாமயே சண்ட போடும், நிமிசக்கணக்குல போகும். முட்டை வெக்கிறது தண்ணியில ஊறின கட்டையில, அந்தக் கட்டை யாருதுங்கறதுதான் சண்டை. ஓடைய சுத்தம் பண்றேன்னு விழுந்த மரத்தெல்லாம் வாரி எடுத்துட்டா இதுங்களுக்கு வீடே இல்லாம போயிடும்.

யூஃபேயா ஓக்ரேசியா, ஆரஞ்சுப் பழுப்பு ஒடம்பு, றெக்கையும் கோலா நெறம். ஊசித்தட்டான் குட்டிக்கு சாதாரணமா வாலுல மூனு செவுள் இருக்கும், இந்தக் குடும்பத்துக் குட்டிக்கு அது மட்டும் பத்தாதுன்னு வயித்துப் பக்கவாட்டுலயும் செவுள் இருக்கும். இந்தக் குடும்பமே ஆசியாவோடதுதான், மத்தியதரைக் கடல் கிழக்குக் கரையில எட்டிப் பாக்கற ஒரு வகைய விட்டா வேற எங்கயும் இல்ல.

நம்ம தீபகற்பத்து தட்டான்கள முதன்முதல்ல பதிவு பண்ணினவங்கள்ல ஒருத்தர் லெய்ட்லா. 1899ல கேம்பிரிட்ஜ்ல இருந்து தீபகற்பத்துக்கு வந்த ஸ்கீட் பயணக் குழுவுல வந்தவர். அந்த காலத்துல நம்ம முன்னோர்ங்க இங்க காட்ட அழிச்சு தோட்டம் போடற வேலையில இருந்தாங்க, அதே காட்டுல இன்னொருத்தர் தட்டான் பிடிச்சு பேர் வெச்சுக்கிட்டு இருந்தாரு. நம்ம ஆளுங்களும் இந்தப் பூச்சிய தெனம் பாத்திருப்பாங்க, அவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு எழுதி வெக்க யாருமில்ல, அது எனக்கு பெரிய வருத்தம்.

ரொம்ப பெருசு எது, ரொம்ப சின்னது எது?

ஊசித்தட்டான விட்டுட்டுப் பாத்தா, ரெண்டும் நம்ம நாட்டுலயே இருக்குங்கறது பெருமையான விசயம். பெருசு டெட்ராகாந்தாஜைனா பிளாஜியாட்டா, உலகத்துலயே எடை கூடின தட்டான்கள்ல ஒன்னு, பொட்டை றெக்கைய விரிச்சா 16 சென்டிமீட்டர் வரைக்கும் வரும், காட்டு ஓடை பக்கம் இருட்டற நேரத்துலதான் வெளிய வரும். சின்னது நன்னோஃபியா பிக்மேயா, ஒடம்பு ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான், பத்து காசு மேல ஒக்கார வெக்கலாம். சதுப்புல, பழைய ஈயலம்பத்து (ஈயச் சுரங்கம்) பக்கத்துல ஆழமில்லாத ஊத்துத் தண்ணியில பாத்திருக்கேன். செவப்பா ஒரு ஈ மாதிரி இருக்கும், தட்டான்னே நெனைக்கத் தோணாது.

தட்டான் குட்டிய நான் பாத்ததே இல்லையே, எங்க இருக்கும்?

தண்ணிக்கு அடியில. றெக்கையோட நாம பாக்கறது கடைசிக் கொஞ்ச நாள் வாழ்க்கைதான், அதுக்கு முன்னால மாசக்கணக்குல, சில வகை வருசக்கணக்குல தண்ணியில இருக்கும். பெரிய தட்டானோட குட்டி பின்பக்கம் வழியா தண்ணிய உள்ள இழுத்து மூச்சு விடும், ஆபத்துன்னா அதே தண்ணிய வேகமா பீச்சி ராக்கெட் மாதிரி முன்னால பாயும். கீழ் ஒதடு மடிச்சு வெச்ச கை மாதிரி இருக்கும், மீன் குஞ்சு பக்கத்துல வந்தா நீட்டிப் பிடிச்சு உள்ள இழுத்துக்கும்.

நம்ம காட்டுல சில வகை மரப்பொந்துலயும் ஒடஞ்ச மூங்கில் கணுவுலயும் தேங்கின மழைத் தண்ணியில வளரும், ஓடையே தேவையில்ல. பிரேசில்ல அன்னாசி இனத்துச் செடியோட எலை இடுக்குத் தண்ணியிலயே குட்டிக் காலத்த ஓட்டற ஊசித்தட்டான் இருக்கு. கண்டல் காட்டு உப்புத் தண்ணியில இருக்கற வகையும் நம்ம கடலோரத்துல இருக்கு, ஆனா ரொம்ப கொஞ்சம்.

கொசுவ ஒழிக்குமா? டெங்கிக்கு நல்லதுங்கறாங்களே?

கொசுவையும் தின்னும், குட்டி கொசுப் புழுவையும் தின்னும். 1990ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, யாங்கோன்ல வீடுங்கள்ல தண்ணி பிடிச்சு வெக்கிற பாத்திரத்துல அந்தச் செவப்பு குரோக்கோதெமிஸ் குட்டிய விட்டுப் பாத்திருக்காங்க, டெங்கி கொசு நல்லா குறைஞ்சுச்சு, வீட்டுக்காரங்களே ஒத்துழைச்சதால நடந்த வேலை அது. அதுக்காக தட்டான் இருக்குன்னு பூந்தொட்டித் தட்டுல தண்ணிய விட்டு வெக்காதீங்க. டெங்கி கொசு ஒரு வாரம் பத்து நாள்ல வளந்துடும், நம்ம தட்டுல தட்டான் வந்து முட்டை வெக்கிற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காது.

கடிக்குமா, கொட்டுமா?

கொட்டாது, கொடுக்கே கெடையாது. கையில பிடிச்சு அமுக்கினா பெரிய வகை லேசா கடிக்கும், விசமில்ல.

தாழப் பறந்தா மழை வருமா?

"தட்டாரப்பூச்சி தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்"னு எங்க பாட்டி சொல்வாங்க. மழைக்கு முன்னால காத்துல ஈரம் கூடி சின்னப் பூச்சிங்க கீழ எறங்கும், அதத் தின்ன தட்டானும் எறங்கும், அதனால அந்தப் பேச்சுல விசயம் இருக்குன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நம்ம ஊர்ல சாயங்காலம் மழை வர்றதே வழக்கம், எது தாழப் பறந்தாலும் பாதி நாள் சரியாத்தான் வரும்.

என் கார் பானெட் மேல வந்து வாலால தட்டித் தட்டிப் போகுது, என்ன பண்ணுது?

முட்டை வெக்குது, பாவம். தண்ணி மேல பட்டு திரும்பற வெளிச்சம் ஒரு தினுசா ஒழுங்குபட்டு வரும், தட்டான் கண்ணு அத வெச்சுத்தான் தண்ணிய அடையாளம் கண்டுபிடிக்கும். பாலிஷ் போட்ட காரும் அதே மாதிரி வெளிச்சத்த திருப்பும், கறுப்பு செவப்பு கார்னா இன்னும் மோசம். அந்த முட்டை வெயில்ல வெந்து போயிடும். ஓடை பக்கத்துல நிறுத்தினா நெழல்ல நிறுத்துங்க, இல்லன்னா ஒரு துணியப் போட்டு மூடுங்க.

மத்தியானம் வால தூக்கிக்கிட்டு தலைகீழா நிக்கிற மாதிரி ஒக்காந்திருக்கே?

வெயில் நேர் மேல இருக்கறப்ப வால சூரியனப் பாத்து நிமித்திக்கும், அப்ப ஒடம்புல படற வெயில் கம்மி. குடை இல்லாதவங்க சொவர் ஓரமா ஒட்டி நடக்கற மாதிரிதான்.

சின்ன வயசுல வால்ல நூல் கட்டிப் பறக்க விட்டிருக்கோம், தப்பா?

நானும் கட்டியிருக்கேன், தையல் மெஷின் நூலுல. இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. வாலுன்னு நாம சொல்றதுதான் அதோட வயிறு, மூச்சு விடற துளை, குடல், முட்டை எல்லாமே அதுக்குள்ளதான். புள்ளைங்க ஆசப்பட்டா கைய நீட்டி அசையாம நிக்கச் சொல்லுங்க, வேலிக் குச்சி மாதிரி விரல நீட்டினா நியூரோதெமிஸ் வந்து ஒக்காந்தே பாத்திருக்கேன்.

எங்க போய், எப்பப் பாக்கலாம்?

பினாங்குல பொட்டானிக்கல் கார்டன் ஓடை, தெலுக் பஹாங் பக்கம் தேசியப் பூங்கா பாதை, பாலிக் புலாவ் வயக்காட்டு ஓரம். அக்கரையில ஆயர் ஹீத்தாம் டாலாம் சதுப்புக் காடு, கட்டைப் பாலத்துல நின்னபடியே பாக்கலாம். கேஎல்காரங்க கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் போங்க, டெம்ப்ளர் பார்க் போங்க. காலைல ஆறு மணிக்கே ஓடாதீங்க, தட்டானுக்கு வெயில் ஏறணும், ஒம்பதரையில இருந்து பன்னண்டு வரைக்கும் நல்லா இருக்கும், அந்தி வகை வேணும்னா ஏழு மணிக்கு கொளத்துக்குப் போங்க. மலையில மழை பெஞ்சா கீழ வெயில் இருந்தாலும் ஓடைத் தண்ணி திடீர்னு ஏறும், தண்ணி கலங்கின ஒடனே மேல ஏறிடுங்க, இத வெளையாட்டா எடுத்துக்காதீங்க.

இதெல்லாம் அழிஞ்சுக்கிட்டு வருதா?

2021 டிசம்பர்ல உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முதல் தடவையா உலகத்து தட்டான் எல்லாத்தையும், 6,016 வகைய, மதிப்பிட்டு சொன்னாங்க, 16 சதவீதம் அழியற ஆபத்துல இருக்கு. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுல மட்டும் பாத்தா கால்வாசிக்கு மேல. செம்பனை மாதிரி பயிருக்காக காட்டையும் சதுப்பையும் அழிச்சதுதான் முக்கியக் காரணம்னு அதுலயே இருக்கு. செம்பனையில வேலை செஞ்சு வளந்த குடும்பம் எங்களுது, அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன், அதனால இத சொல்ல எனக்கு சுலபமா இல்ல. ஆனா ஓடை ரெண்டு கரையிலயும் கொஞ்ச அகலத்துக்கு மரத்த வெட்டாம விட்டா நெழல் வகைங்க பல தப்பிச்சிக்கும், தோட்டத்துக்குள்ளயே அப்படி விட்ட எடத்துல நான் பாத்திருக்கேன்.

நாங்க இப்ப இருக்கற தாமான் பின்னால ஒரு சின்ன ஓடை இருந்துச்சு, முழங்கால் ஆழம், ரெண்டு பக்கமும் காட்டுச் சேம்பும் பெரணியும். பதினோரு வகை அதுல எண்ணியிருக்கேன், அதுல அஞ்சு நெழல் ஊசித்தட்டான். வெள்ளம் வருதுன்னு அதுக்கு சிமெண்டு போட்டாங்க, மரத்தையும் எடுத்துட்டாங்க. வெள்ளம் வந்தப்ப வீட்டுக்குள்ள தண்ணி வந்த கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனா தரையவாவது மண்ணா விட்டிருக்கலாம், ஒரு கரை மரத்தையாவது விட்டிருக்கலாம். அடுத்த வருசம் போய்ப் பாத்தேன், மூனு வகை. மூனுமே சென்னையிலயும் இருக்கற ஊர்சுத்திங்க.

வீட்டுல சின்னக் கொளம் வெச்சா தட்டான் வருமா?

வரும். பெரிய தொட்டி, அடியில மண்ணு, தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி ரெண்டு குச்சி, கொஞ்சம் பாசி, தண்ணிச் செடி. மீன் விடாதீங்க, கப்பி கூட குட்டியத் தின்னுடும். கொசுப் புழு வருதான்னு முதல் மாசம் தெனம் பாத்து வலையால அள்ளி எடுங்க. குட்டி வெளிய வர்றது பெரும்பாலும் ராத்திரியிலதான், அந்தக் குச்சியப் பிடிச்சு ஏறி முதுகு வெடிச்சு வரும், காலைல சுருங்கின பழுப்புத் தோல் மட்டும் குச்சியில ஒட்டிக்கிட்டு இருக்கும். அத எடுத்து ஒரு டப்பாவுல தேதி எழுதிப் போட்டு வைங்க, ஞாயித்துக்கிழமை ஓடைப் பக்கம் கொண்டு வாங்க, என்ன வகைன்னு ஒக்காந்து பாப்போம்.